குற்றாலச் சீசனில் கெட்டுப்போகும் படங்கள்: எங்கே பிசகு, எப்படிச் சரிசெய்வது

ஜூனில் சாரல் விழ ஆரம்பித்தால் செங்கோட்டையில் எங்கள் ஸ்டுடியோ மேசைக்கு இரண்டு பக்கத்திலிருந்தும் கேமரா வரும். தென்காசி, கடையநல்லூர்ப் பிள்ளைகள் "அண்ணாச்சி, லென்ஸு போயிட்டு" என்பார்கள். ஆரியங்காவு கணவாய் இறங்கி வரும் புனலூர்க்காரர்கள் "சேட்டா, ஃபோட்டோ கிளியர் இல்லா" என்பார்கள். இரண்டும் அநேகமாக ஒரே கோளாறுதான். லென்ஸ் உண்மையிலேயே போயிருப்பது அபூர்வம்.

கீழே உள்ளது அறிகுறி வாரியாக. உங்கள் படத்தில் தெரிவது எது என்று பார்த்து நேராக அந்தத் தலைப்புக்குப் போங்கள். செலவில்லாத சோதனை முதலில், காசு கேட்பது கடைசியில். ஒரு தலைப்புக்குள் போனபின் வரிசையைத் தாண்டாதீர்கள்.

எந்தச் சோதனைக்கும் முன்னால் இரண்டு காரியம். படத்தைக் கணினியில் 100 சதவீத அளவில் பெரிதாக்கிப் பாருங்கள். கேமராவின் பின்பக்கச் சின்னத் திரையில் எல்லாமே நன்றாகத்தான் தெரியும். அடுத்து, படத்தின் தகவலைத் திறந்து ஷட்டர் வேகம் (வெளிச்சம் உள்ளே விழும் நேரம்), அபெர்ச்சர் (லென்ஸின் திறப்பு, எண் சிறிதானால் திறப்பு பெரிது), ஐ.எஸ்.ஓ. (வெளிச்சத்தைக் கூட்டிக் காட்டும் அளவு) மூன்றையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பாதிக் கேள்விக்குப் பதில் அந்த மூன்று எண்ணிலேயே கிடக்கும்.

அறிகுறி 1: படம் தெளிவாக இல்லை

"தெளிவில்லை" என்பதில் பல வகை உண்டு. எந்த வகை என்று பிரித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

*முழுப் படமும் புகை படிந்த மாதிரி வெளிறி இருக்கிறது*

இந்த ஊரில் இதுதான் முதலிடம். லென்ஸின் முன் கண்ணாடியை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள்.

கைரேகையா, எண்ணெய்ப் பிசுக்கா? குற்றாலத்தில் எண்ணெய் தேய்த்துக் குளிக்காமல் முன்பெல்லாம் யாரும் திரும்பியதில்லை. எண்ணெய் பட்ட கையோடு போனை எடுத்தால் லென்ஸில் மெல்லிய படலம் ஒட்டிக்கொள்ளும். பகலில் படம் கொஞ்சம் சோகையாகத் தெரியும், அவ்வளவுதான். ராத்திரி கடைவீதி விளக்கை எடுத்தால் ஒவ்வொரு விளக்கிலிருந்தும் ஒரே திசையில் நீளமாக ஒளிக்கோடு ஓடும். கோடு எந்தப் பக்கம் ஓடுகிறதோ அதற்குக் குறுக்கே துடைத்திருக்கிறீர்கள் என்று அர்த்தம். மைக்ரோஃபைபர் துணியில் ஒரு சொட்டு லென்ஸ் கிளீனர் விட்டு, நடுவிலிருந்து வெளிப்பக்கமாக வட்டமாகத் துடையுங்கள். ஈரத் துண்டும் வேட்டி நுனியும் வேண்டாம். அதில் இருக்கும் ஒரு மணல் துகள் போதும், கீறல் விழ.

போனின் கேமரா மேல் தனியாக ஒரு பாதுகாப்புக் கண்ணாடி ஒட்டியிருக்கிறதா? அதைக் கழற்றிவிட்டு அதே இடத்தில் இன்னொரு படம் எடுத்துப் பாருங்கள். கோடும் புகையும் காணாமல் போனால் குற்றவாளி அதுதான். டி.எஸ்.எல்.ஆர். (லென்ஸ் கழற்றி மாட்டும், உள்ளே கண்ணாடி வைத்த கேமரா) லென்ஸில் மாட்டியிருக்கும் மலிவு ஃபில்டருக்கும் இதே சோதனை.

துடைத்ததும் சரியாகி, ஒரு நிமிஷத்தில் திரும்பவும் மங்குகிறதா? அது பனிப்படலம். மலைப்பாதை முழுக்க ஏ.சி. போட்ட காரில் வந்து, அருவிக்கரையில் கதவைத் திறந்ததும் கேமராவை எடுத்தால் இப்படித்தான். குளிர்ந்த கண்ணாடியில் ஈரக்காற்று படிகிறது. துடைக்கத் துடைக்க வரும். இடம் சேருவதற்கு அரை மணி நேரம் முன்பே ஏ.சி.யை நிறுத்தி ஜன்னலை இறக்கிவிடுங்கள். கேமராவைப் பையிலேயே ஜிப் மூடி வைத்து, பையோடு சூடேற விடுங்கள்.

பனி லென்ஸுக்கு உள்ளே தெரிந்தால் ஜூமை முன்னும் பின்னும் திருக வேண்டாம். திருகத் திருக ஈரக்காற்றை உள்ளே இழுக்கும். பேட்டரியைக் கழற்றி, காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு ஒருநாள் வையுங்கள். அரிசிக்குள் புதைக்கச் சொல்லுவார்கள். தவிடும் தூசும்தான் மிச்சமாகும்.

*படத்தில் எல்லாமே ஒரே பக்கமாக இழுபட்டிருக்கிறது*

கை ஆடியிருக்கிறது. எழுதி வைத்த ஷட்டர் வேகத்தைப் பாருங்கள். 1/60, 1/125 என்று இருக்கும். அதில் கீழ் எண், லென்ஸின் மில்லிமீட்டர் எண்ணைவிடப் பெரிதாக இருக்க வேண்டும். சென்சார் (படம் பதியும் சில்லு) சின்னதாக உள்ள கேமராவாக இருந்தால் அந்த மில்லிமீட்டர் எண்ணை ஒன்றரை மடங்காக்கிக்கொள்ளுங்கள். 50 மி.மீ. லென்ஸுக்கு 1/80, 200 மி.மீ. ஜூமுக்கு 1/320. காட்டுக்குள், பாலருவி போகும் வழியில், மரம் அடர்ந்த இடத்தில் கேமரா தானாக 1/30-க்கு இறங்கிவிடும். ஐ.எஸ்.ஓ.வை 800, 1600 என்று ஏற்றுங்கள். மணல் தெறித்த மாதிரி கொஞ்சம் புள்ளி விழுந்த படத்தைப் பிறகு சரிசெய்யலாம். ஆடிய படத்தை ஆப் வைத்து முழுசாக மீட்பது கஷ்டம்.

*பின்னணி தெளிவு, ஆள் மட்டும் கலங்கல்*

இங்கே இரண்டு கிளை. ஆளின் கையும் தலையும் இழுபட்டு, உடம்பு ஓரளவு தெளிவாக இருந்தால் ஆள் நகர்ந்திருக்கிறார். அருவியில் குதிக்கும் பிள்ளைக்கு 1/500 வேண்டும். லென்ஸில் இருக்கும் ஸ்டெபிலைசர் உங்கள் கை ஆட்டத்தைத்தான் தாங்கும், பிள்ளையின் ஆட்டத்தை அல்ல. கழுதுருட்டியில் பதின்மூன்று கண் பாலத்தின் மேல் ரயில் வருவதைப் பிடிக்க நிற்பவர்கள் 1/2000 வைத்து இருட்டாக எடுத்து வருகிறார்கள். அது மலைப்பாதை, 1904-ல் ரயில் ஓடத் தொடங்கிய தடம், அகலப்பாதையான பிறகும் வண்டி அங்கே நிதானமாகத்தான் ஏறும். 1/250 தாராளம்.

ஆள் முழுக்க ஒரே சீராக மங்கி, பின்னால் இருக்கும் செடி மட்டும் கூர்மையாக இருந்தால் ஃபோகஸ் தவறிய இடத்தில் விழுந்திருக்கிறது. எல்லாப் புள்ளியையும் கேமராவின் இஷ்டத்துக்கு விட்டிருப்பீர்கள். ஒற்றைப் புள்ளிக்கு மாற்றி, கேமராவுக்குக் கிட்டத்தில் இருக்கும் கண்ணில் வையுங்கள். கண்ணைத் தேடிப் பிடிக்கும் வசதி இருந்தால் அதை ஆன் செய்யுங்கள். சூரியகாந்தித் தோட்டத்தில் ஆளை நிறுத்தினால் முன்னால் நிற்கும் பூ கேமராவை ஏமாற்றிவிடும்.

குடும்பப் படத்தில் முன்வரிசை தெளிவு, தாத்தா பாட்டி இருக்கும் பின்வரிசை மங்கல் என்றால் அபெர்ச்சரைப் பாருங்கள். 1.8 என்றிருக்கும். பின்னணி கரைய வேண்டும் என்ற ஆசையில் தாத்தாவும் கரைந்துவிட்டார். மூன்று வரிசைக்கு எஃப்8, நடுவரிசை முகத்தில் ஃபோகஸ்.

*எங்கேயுமே தெளிவில்லை, அல்லது பட்டனை அழுத்தினால் எடுக்கவே மாட்டேன் என்கிறது*

லென்ஸின் பக்கவாட்டில் ஏ.எஃப். (தானாக ஃபோகஸ்), எம்.எஃப். (கையால் ஃபோகஸ்) என்று ஒரு குட்டி சுவிட்ச் இருக்கும். பையில் உரசி எம்.எஃப். பக்கம் போயிருக்கும். லென்ஸ் போய்விட்டது என்று எங்களிடம் வருவதில் இந்த சுவிட்ச்சின் பங்கு பெரிது. அதற்கு நாங்கள் காசு வாங்குவதில்லை, டீ வாங்கிக் கொடுத்தால் சரி.

சுவிட்ச் சரியாக இருந்தும், ட்ரைபாட் போட்டும் மங்கலா? டி.எஸ்.எல்.ஆர். என்றால் ஒரு சோதனை. செய்தித்தாளைச் சாய்வாக நிறுத்தி, ஒரு வரியில் ஃபோகஸ் வைத்து, வியூஃபைண்டர் (கண்ணை வைத்துப் பார்க்கும் துளை) வழியாக ஒரு படம், லைவ் வியூவில் (பின்பக்கத் திரையில் பார்த்து) ஒரு படம் எடுங்கள். லைவ் வியூவில் அந்த வரி கூர்மை, வியூஃபைண்டரில் அதற்கு முன்னாலோ பின்னாலோ உள்ள வரி கூர்மை என்றால் ஃபோகஸ் அளவு பிசகியிருக்கிறது. விலை கூடின மாடல்களில் மெனுவிலேயே திருத்தலாம். இல்லாவிட்டால் சர்வீஸ்.

இரண்டிலும் ஒரு பக்க ஓரம் மட்டும் எப்போதும் மங்கல் என்றால், லென்ஸ் கீழே விழுந்து உள்கண்ணாடி நகர்ந்திருக்கும். இதை வீட்டில் தொட வேண்டாம், நேராக சர்வீஸ்.

அறிகுறி 2: வெள்ளை வெளுத்துப்போகிறது, முகம் கறுத்துப்போகிறது

ஓணத்துக்கு முந்தைய வாரங்களில் சுந்தரபாண்டியபுரம் சூரியகாந்தித் தோட்டங்களில் கசவுப் புடவையும் (ஜரிகைக் கரை வைத்த கேரளத்து வெள்ளைப் புடவை) முண்டுமாகக் கூட்டம் நிற்கும். வெள்ளைத் துணி, மஞ்சள் பூ, உச்சி வெயில், பின்னால் மேற்கு மலை. கேமராவுக்கு இதைவிடக் கஷ்டமான பரீட்சை வைக்க முடியாது.

*புடவை வெறும் வெள்ளைத் தாளாகி, நெசவும் மடிப்பும் தெரியவில்லை*

சுற்றிலும் கரும்பச்சை, நடுவில் கொஞ்சம் வெள்ளை. கேமரா பச்சையைப் பார்த்து வெளிச்சத்தைக் கூட்டிவிட்டது. எக்ஸ்போஷர் காம்பென்சேஷனை (கேமரா கணக்கிட்ட வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் அமைப்பு) மைனஸ் 0.7-க்கு இறக்குங்கள். பிளேபேக் மெனுவில் ஹைலைட் (மிக வெளிச்சமான பகுதி) எச்சரிக்கையை ஆன் செய்தால் வெளுத்த இடம் கண்ணடிக்கும். கண்ணடிப்பு நிற்கும் வரை இறக்குங்கள். அருவிக்கும் இதே மருந்து.

எடுத்த படத்தை மீட்க முடியுமா? எடிட்டிங்கில் ஹைலைட் ஸ்லைடரை முழுக்க இடப்பக்கம் இழுங்கள். நெசவு தெரிந்தால் தப்பித்தீர்கள். வெள்ளை அப்படியே சாம்பல் நிறத் தகடாக மாறினால் அங்கே ஒன்றும் பதிவாகவில்லை, இழுத்துப் பயனில்லை. ரா ஃபைலாக (சென்சார் பதிந்ததைச் சுருக்காமல் வைக்கும் ஃபைல்) எடுத்திருந்தால் கொஞ்சம் கூடுதலாக மீளும். சாதாரண ஜேபெக் ஃபைலில் வெளுத்தது வெளுத்ததுதான்.

*அதற்கு நேர்மாறு: புடவை அழுக்குச் சாம்பலாகத் தெரிகிறது*

புடவையை நெருக்கமாக எடுத்திருப்பீர்கள், படம் முழுக்க வெள்ளை. கேமரா பயந்து வெளிச்சத்தைக் குறைத்துவிட்டது. இங்கே பிளஸ் 0.7 முதல் 1 வரை. ஒரே புடவைக்கு ஒருமுறை மைனஸ், ஒருமுறை பிளஸா என்று கேட்பார்கள். ஆமாம். படத்தில் வெள்ளை எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்பதுதான் கணக்கு.

*பூ நன்றாக இருக்கிறது, ஆள் முகம் கருநிழல்*

நேரத்தைப் பாருங்கள். முற்றி விரிந்த சூரியகாந்தி நாளெல்லாம் சூரியனோடு சுற்றாது. மொட்டும் இளம் செடியும்தான் திரும்பும். விரிந்த பூ கிழக்கு பார்த்தே நிற்கும். பூவின் முகம் தெரிய நீங்கள் கிழக்கே நின்று மேற்கு நோக்கி எடுக்க வேண்டும். காலையில் வெயில் உங்கள் முதுகில், பூவுக்கும் ஆளுக்கும் முகத்தில். சாயங்காலம் வந்தால் சூரியன் ஆளின் தலைக்குப் பின்னால். அதனால் ஒன்பது மணிக்கு முன்னால் வந்துவிடுங்கள் என்றுதான் நான் எல்லோரிடமும் சொல்வது. குற்றாலத்தில் குளித்துவிட்டு, பரோட்டா சாப்பிட்டுவிட்டு நாலு மணிக்குத்தான் வருவார்கள்.

சாயங்காலம்தான் முடியும் என்றால்:

- முதலில், முகத்தைத் தொட்டு வெளிச்சம் அளக்கச் சொல்லுங்கள். போனில் முகத்தைத் தட்டினால் போதும். வானம் வெளுக்கும், முகம் கிடைக்கும்.
- அடுத்து, இரண்டடிக்கு ஒரு வெள்ளைத் தெர்மகோல் அட்டை. ஒருவர் முன்னால் பிடித்து வெயிலை முகத்துக்குத் திருப்பினால் கண்ணுக்குள் உயிர் வந்துவிடும். இந்த ஊரில் இதைவிட லாபமான லைட் கிடையாது.
- கடைசியாக, ஃபிளாஷ்.

*ஃபிளாஷ் போட்டதும் படத்தின் ஒரு ஓரத்தில் கறுப்புப் பட்டை*

ஷட்டர் வேகம் அதிகம். பெரும்பாலான கேமராக்கள் 1/200 அல்லது 1/250 வரைதான் ஃபிளாஷோடு ஒத்துப்போகும். அதற்குக் கீழே இறக்குங்கள். இறக்கியும் பட்டை அதே இடத்தில், ஃபிளாஷ் இல்லாமலும் வருகிறது என்றால் ஷட்டர் திரை பழுது. சர்வீஸ்தான், செலவும் கூடுதல்.

கசவின் ஜரிகையில் ஃபிளாஷ் நேராக அடித்தால் அந்த இடம் வெடித்த மாதிரி வெளுக்கும். மண்டபத்தில் என்றால் ஃபிளாஷைக் கூரைக்குத் திருப்புங்கள்.

அறிகுறி 3: நிறம் சரியில்லை

*முகத்தில் பச்சை*

மரத்தடியில் எடுத்திருப்பீர்கள். ஐந்தருவிப் பக்கத்துத் தோப்புகளில் இலை வடிகட்டிய வெளிச்சம் எல்லார் முகத்திலும் பச்சை பூசும். எடிட்டிங்கில் டின்ட் ஸ்லைடரை மஜெந்தா (கருஞ்சிவப்பு ரோஸ்) பக்கம் லேசாகத் தள்ளுங்கள். லேசாக என்றால் லேசாக. கூடினால் ஆள் காய்ச்சல்காரர் மாதிரி ஆகிவிடுவார். அதைவிட எளிது, தோப்பின் உள்ளே நிற்காமல் விளிம்பில், வானம் தெரியும் பக்கம் முகத்தைத் திருப்பி நிறுத்துவது.

*மஞ்சள் பூத் தோட்டத்தில் எடுத்தால் ஆள் நீலம் பாய்ந்து தெரிகிறார்*

வெள்ளையை வெள்ளையாகக் காட்ட நிறத்தைத் தானாகத் திருத்தும் ஆட்டோ ஒயிட் பேலன்ஸ், மஞ்சளைக் குறை என்று நினைத்து நீலத்தைக் கலக்கிறது. மஞ்சள் பூசிய கல்யாணப்பெண் முகத்துக்கும் இதே கதி. ஒயிட் பேலன்ஸை வெயில் குறிக்கோ, எண் தரும் கேமராவில் 5200-க்கோ மாற்றிவிட்டால் ஒவ்வொரு படத்துக்கும் ஒரு நிறம் என்ற தொல்லையும் தீரும்.

*மண்டபப் படங்களில் குறுக்கே கறுப்பும் மஞ்சளுமாகப் பட்டைகள்*

ட்யூப் லைட்டும் மலிவு எல்.இ.டி.யும் நம் மின்சாரத்தில் நொடிக்கு 100 முறை மினுக்கும். கண்ணுக்குத் தெரியாது, வேகமான ஷட்டருக்குத் தெரியும். ஷட்டரை 1/100-க்கோ 1/50-க்கோ இறக்குங்கள். கேமராவில் ஃபிளிக்கர் தடுப்பு இருந்தால் ஆன் செய்யுங்கள். சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டரில் எடுத்திருந்தால் மெக்கானிக்கலுக்கு மாறுங்கள். பட்டை விழுந்த படத்தைத் திருத்துவது நரக வேலை. மாப்பிள்ளை வீட்டார் அழுத்திக் கேட்டால் கறுப்பு வெள்ளையாக்கிக் கொடுத்துவிடலாம், நிறமாவது மறையும்.

*போனில் அழகாக இருந்தது, லேப் பிரின்ட் இருட்டாக வந்தது*

இதற்கு லேப்காரரைத் திட்டுவதற்கு முன்னால் உங்கள் திரையைப் பாருங்கள். வெளிச்சத்தை முழுக்க ஏற்றி வைத்து எடிட் செய்திருப்பீர்கள். பாதிக்கும் கீழே இறக்கி, அதே படத்தைத் திறந்தால் பிரின்ட்டில் இருக்கும் இருட்டு திரையிலும் தெரியும். கணினியில் ராத்திரி நேர மஞ்சள் திரை ஆன் ஆகியிருக்கிறதா என்றும் பாருங்கள். அதை அணைக்காமல் நிறம் பார்த்தால் எல்லாம் நீலமாகப் போய் நிற்கும்.

நிறம் மட்டும் செத்துப்போய் வந்தால், ஃபைல் அடோப் ஆர்.ஜி.பி. என்ற நிற முறையில் போயிருக்கலாம். லேப்புக்கு எஸ்.ஆர்.ஜி.பி.யில் ஏற்றுமதி செய்யுங்கள். ஆல்பம் முழுதும் கொடுப்பதற்கு முன் ஒரே ஒரு சின்னப் பிரின்ட் போட்டுப் பார்த்துவிடுவது நல்லது.

*எடிட் செய்தபின் பூ இதழ் மஞ்சள் பிளாஸ்டிக் மாதிரி இருக்கிறது*

சாச்சுரேஷனை (நிறத்தின் அடர்த்தி) கூட்டியிருக்கிறீர்கள். மஞ்சள் சீக்கிரம் நிரம்பிவிடும் நிறம். நிரம்பினதும் இதழில் ஓடும் கோடுகள் அழிந்துவிடும். சாச்சுரேஷனைச் சுழியத்துக்குக் கொண்டுவந்து, வைப்ரன்ஸ் (மங்கிய நிறங்களை மட்டும் கூட்டுவது) கொஞ்சம் ஏற்றுங்கள், அது தோல் நிறத்தை விட்டுவைக்கும். பிறகு மஞ்சளை மட்டும் தனியே எடுத்து வெளிச்சத்தைக் குறைத்தால் கோடுகள் திரும்பும். ஸ்னாப்சீட், லைட்ரூம், இலவசமாகக் கிடைக்கும் டார்க்டேபிள், எதுவானாலும் வரிசை ஒன்றுதான்: ஒயிட் பேலன்ஸ், வெளிச்சம், ஹைலைட்டும் நிழலும், அதன்பிறகே நிறம். நிறத்தில் ஆரம்பிப்பவர்கள்தான் ஒரே படத்தோடு இரண்டு மணி நேரம் மல்லுக்கட்டுகிறார்கள்.

அறிகுறி 4: அருவி பட்டுப் போல வரவில்லை

ஷட்டரை அரை நொடியில் வையுங்கள், ஐ.எஸ்.ஓ. 100, ட்ரைபாட், இரண்டு நொடி டைமர். படம் வெளுத்தால் எஃப்11 வரை போகலாம். எஃப்22-க்குப் போனால் பாறையின் கூர்மை குறையும். அதற்கும் மேல் வெளிச்சம் இருந்தால் என்.டி. ஃபில்டர் (வெளிச்சத்தைக் குறைக்கும் கறுப்புக் கண்ணாடி) வாங்க வேண்டும், அல்லது விடியற்காலையில் போக வேண்டும். பேரருவி சீசனில் விழும் வேகத்தில் இரண்டு நொடி வைத்தால் வெறும் வெள்ளைத் திட்டுதான் மிஞ்சும், 1/8 போதும்.

ட்ரைபாட் இருந்தும் பாறை மங்கலா? ஸ்டெபிலைசரை அணையுங்கள். ட்ரைபாட் கால் ஈரப் பலகையிலோ தொங்கு நடையிலோ இல்லாமல் தரையில் நிற்கிறதா பாருங்கள். படத்தில் வட்ட வட்டமாக மங்கல் திட்டுகள் என்றால் லென்ஸில் சாரல் துளி.

அறிகுறி 5: இருட்டுப் படத்தில் மணல் தெறித்த மாதிரி புள்ளிகள்

ஐ.எஸ்.ஓ. 6400 என்றிருந்தால் காரணம் தெரிந்துவிட்டது. ஆனால் 800-லேயே மணல் என்றால், இருட்டாக எடுத்துவிட்டு எடிட்டிங்கில் இழுத்துத் தூக்கியிருக்கிறீர்கள். அடுத்தமுறை ஐ.எஸ்.ஓ.வைத் தயங்காமல் ஏற்றி, எடுக்கும்போதே போதுமான வெளிச்சத்தில் எடுங்கள். 3200-ல் சரியாக எடுத்தது, 800-ல் இருட்டாக எடுத்துத் தூக்கியதைவிடச் சுத்தமாக இருக்கும்.

மணலை நீக்கும் ஸ்லைடரைப் பாதிக்கு மேல் தள்ளாதீர்கள். புருவம் அழிந்து மெழுகுப் பொம்மை ஆகிவிடும். ஆச்சியின் முகத்துச் சுருக்கத்தை வழித்தெடுத்த படங்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வரும்.

அறிகுறி 6: படத்தில் கறுப்புப் புள்ளி, நூல், வெண்திட்டு

மலையடிவாரத்து ஈரத்தில் நிதானமாகப் பார்க்க வேண்டிய பகுதி இது.

*எந்தப் படத்திலும் அதே இடத்தில் புள்ளி*

லென்ஸை மாற்றி எடுங்கள். புள்ளி போய்விட்டால் லென்ஸில் அழுக்கு. போகவில்லை என்றால் சென்சாரில் தூசி. வியூஃபைண்டரில் மட்டும் தெரிந்து படத்தில் வரவில்லை என்றால் அது கண்ணாடியிலோ திரையிலோ இருக்கும் தூசி, விட்டுவிடுங்கள்.

சென்சார் தூசியை உறுதிசெய்ய: அபெர்ச்சர் எஃப்16, ஐ.எஸ்.ஓ. 100, ஃபோகஸைக் கலைத்துவிட்டு வானத்தை ஒரு படம். புள்ளிகள் வரிசையாக நிற்கும். முதலில் மெனுவில் உள்ள சென்சார் கிளீனிங்கை நாலைந்து முறை ஓட்டுங்கள். அடுத்து ரப்பர் ப்ளோயர்: கேமராவின் வாயைக் கீழே பார்க்கப் பிடித்து, மெனு வழியாகச் சென்சாரைத் திறந்து, முனை உள்ளே போகாமல் ஊதுங்கள். வாயால் ஊதினால் எச்சில் ஒட்டும். காற்றடைத்த டப்பா ஸ்ப்ரேயும் கூடாது, திரவம் தெறிக்கும். படத்தில் மேலே தெரியும் புள்ளி சென்சாரில் கீழே இருக்கும்.

அதற்கும் போகாத பிசுபிசுப்புத் தூசிக்கு ஈர ஸ்வாப் வேண்டும். கை பழகியவர் செய்தால் பத்து நிமிஷம். பழகாத கை ஒரு கீறல் போட்டால் கேமரா விலை. இது எங்களிடமோ உங்கள் ஊர்க் கடையிலோ கொடுக்க வேண்டிய இடம்.

*லென்ஸுக்கு உள்ளே சிலந்திவலை போல நூல்*

பூஞ்சை. லென்ஸைக் கழற்றி, அபெர்ச்சரை முழுக்கத் திறந்து, பின்பக்கமிருந்து டார்ச் அடித்து முன்பக்கமாகச் சாய்த்துப் பாருங்கள். நேரே பார்த்தால் தெரியாது, ஓரக் கோணத்தில் வெள்ளி நூல் மின்னும்.

ஓரத்தில் இரண்டு நூல் என்றால் படத்தில் ஒன்றும் தெரியாது, பயப்படாதீர்கள். வெயிலுக்கு எதிரே எடுக்கும்போது மட்டும் கொஞ்சம் வெளிறும். அந்த லென்ஸை மற்ற லென்ஸிலிருந்து தனியாக வையுங்கள், காய்ந்த இடத்தில் வைத்து அடிக்கடி பயன்படுத்துங்கள். நடுவில் பரவி, படமே வெளிறுகிறது என்றால் திறந்து துடைக்க வேண்டும். முன் கண்ணாடிக்குப் பின்பக்கம் வரை வந்திருந்தால் சுலபம். உட்பகுதியில் இருந்தால் கூலி கூடும். கண்ணாடியின் மேற்பூச்சைப் பூஞ்சை அரித்துவிட்டால் துடைத்தாலும் தழும்பு நிற்கும். கேமராவோடு வந்த சாதாரணக் கிட் லென்ஸுக்கு அந்தக் கூலி கொடுப்பதைவிடப் பழைய லென்ஸ் ஒன்று வாங்குவது லாபம். நல்ல லென்ஸுக்குத் தயங்காமல் கொடுங்கள்.

வராமல் தடுப்பது மலிவு. தோல் உறையும், துணி சுற்றிப் பீரோவுக்குள் வைப்பதும்தான் பூஞ்சைக்கு வீடு கட்டிக் கொடுப்பது. ரப்பர் விளிம்பு வைத்த சமையலறை டப்பா, உள்ளே சிலிக்கா ஜெல், ஒரு குட்டி ஈரமானி. முள் 40 சதவீதத்துக்கும் 50 சதவீதத்துக்கும் நடுவே நின்றால் போதும். 60-ஐத் தாண்டிப் பல நாள் நிற்க விடாதீர்கள். ஜெல் மணியின் நிறம் மாறிவிட்டால் அடுப்பில் சிறுதீயில் வறுத்துத் திரும்பப் போடலாம். சாரல் நாளில் எடுத்த கேமராவை அப்படியே டப்பாவில் அடைக்காமல், ஃபேன் காற்றில் ஆறவிட்டு வையுங்கள். லென்ஸை வெயிலில் காயப்போடுகிறேன் என்று மொட்டைமாடியில் விட்டுவிட்டு வராதீர்கள். ஒளி குவிந்து எதையாவது சுட்டுவிடும்.

அறிகுறி 7: கார்டில் படம் இல்லை, திறக்க மாட்டேன் என்கிறது

*"கார்டு பூட்டப்பட்டுள்ளது" என்று வருகிறது*

எஸ்.டி. கார்டின் பக்கத்தில் இருக்கும் பூட்டு நழுவியிருக்கிறது. மேலே தள்ளுங்கள். தளர்ந்துபோய் நிற்கவே இல்லை என்றால் வேறு கார்டு.

*"ஃபார்மேட் செய்யவா" என்று கேட்கிறது, அல்லது படங்கள் மறைந்துவிட்டன*

வேண்டாம் என்று சொல்லி, கேமராவை அணைத்து, கார்டைக் கழற்றுங்கள். அதன்மேல் ஒரு படம்கூட எடுக்காதீர்கள். அழிந்த படங்கள் இன்னும் அங்கேதான் இருக்கும். புதுப் படம் எழுதினால்தான் உண்மையில் அழியும். முதலில் வேறு ரீடரில் போட்டுப் பாருங்கள், பாதி நேரம் ரீடர்தான் கெட்டிருக்கும். பிறகு ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருளை ஓட்டி, கிடைப்பதைக் கணினியில் சேமியுங்கள், அந்தக் கார்டிலேயே அல்ல.

கணினி கார்டையே காணவில்லை என்கிறது, கார்டு சூடாகிறது, அல்லது உள்ளே இருப்பது யாரோ ஒருவருடைய கல்யாணம் என்றால் சோதனை எதுவும் செய்யாதீர்கள். தரவு மீட்பு செய்பவரிடம் கொடுங்கள்.

கார்டு நிரம்ப நிரம்ப, கடைசிப் படங்கள் மட்டும் பாதிச் சாம்பலாக வந்தால் அது போலிக் கார்டாக இருக்கலாம். மேலே 128 ஜி.பி. என்று அச்சடித்திருந்தாலும் உள்ளே 16 தான் இருக்கும். முழுக்க நிரப்பித் திரும்பப் படித்துப் பார்த்தால் தெரிந்துவிடும். பில்லோடு வாங்குங்கள்.

அறிகுறி 8: பிரின்ட்டில் தலை வெட்டு, கட்டம் கட்டமாக உடைவு

போன் படத்தின் நீள அகலம் 4க்கு 3. 4x6 பிரின்ட்டின் கணக்கு வேறு, எனவே கிடைவாக்கில் எடுத்த படத்தில் மேலேயும் கீழேயும் வெட்டு விழும். கொடுக்கும் முன் நீங்களே அந்த அளவில் கிராப் செய்துகொடுங்கள், லேப் இயந்திரத்துக்கு எது தலை என்று தெரியாது.

உடைந்து தெரிந்தால், வாட்ஸ்அப்பில் வந்த படத்தைக் கொடுத்திருப்பீர்கள். அது வெகுவாகச் சுருக்கியது. டாக்குமெண்டாக அனுப்பச் சொல்லி வாங்குங்கள். 12x18 ஆல்பம் பக்கத்துக்கு 3600x5400 பிக்சல் இருந்தால் பிரமாதம், 2400x3600 இருந்தாலும் குறை சொல்ல முடியாது. அதற்குக் கீழே ஸ்டுடியோக்காரரைக் கேட்டு அளவைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

சர்வீஸுக்குக் கொடுப்பதானால்

கார்டையும் பேட்டரியையும் நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். கடைக்காரர் கேட்டால் காலிக் கார்டு கொடுங்கள். கேமரா, லென்ஸ் இரண்டின் சீரியல் எண்ணையும் போனில் படமெடுத்து வையுங்கள். கோளாறு தெரியும் படங்களை எடிட் செய்யாமல், கேமராவிலிருந்து வந்தபடியே நாலைந்து கொண்டுபோங்கள். "சரியில்லை" என்று மட்டும் சொன்னால் அவர் எல்லாவற்றையும் திறந்து பார்ப்பார், கூலியும் அதற்கேற்ப. "லைவ் வியூவில் சரி, வியூஃபைண்டரில் பின்னால் விழுகிறது" என்று சொன்னால் அந்த ஒன்றைத்தான் தொடுவார். திறப்பதற்கு முன் மதிப்பீட்டை எழுதி வாங்குங்கள். தண்ணீருக்குள் விழுந்த கேமரா என்றால் அதை மறைக்காமல் சொல்லிவிடுங்கள், திறந்தவுடன் துருவைப் பார்த்து அவருக்கே தெரிந்துவிடும். அதுவரை வீட்டில் ஒருதடவைகூட ஆன் செய்து பார்க்காதீர்கள்.